மனாஸ்லு பக்கம் போனால் மலாய் பேசலாம்

மனாஸ்லு என்று சொன்னால் மலேசியாவில், பேராக் மாநிலத்து எங்கள் சுங்கை சிப்புட்டில் பாதிப் பேர் அது ஏதோ மாத்திரைப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எவரெஸ்ட் என்றால் தெரியும். 1997 மே 23-ஆம் தேதி நம் மகேந்திரனும் மோகனதாஸும் உச்சியைத் தொட்ட செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டிய ஆள்கள் நாங்கள். அதனால் நேப்பாளம் போய்விட்டு வந்தேன் என்றதும் மார்க்கெட்டில் மீன் வாங்குகிற இடத்தில்கூட "எவரெஸ்ட் ஏறிட்டீங்களாண்ணே?" என்று கேட்கிறார்கள். இல்லை, ஏறவில்லை. நான் போனது மனாஸ்லு மலையைச் சுற்றி வருகிற பாதை. மலையின் உச்சி 8,163 மீட்டர், உலகத்தில் எட்டாவது உயரம், அதெல்லாம் பெரிய ஆள்களின் வேலை. நாம் அதன் அடிவாரத்து ஊர்கள் வழியாக நடந்து, லார்க்யா லா என்கிற கணவாயைக் கிட்டத்தட்ட 5,100 மீட்டர் உயரத்தில் தாண்டி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அவ்வளவுதான். இறங்கின முழங்கால் இன்னும் சரியாகவில்லை என்பது வேறு விஷயம்.

காசு, பர்மிட் சமாச்சாரத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன், வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து காட்மாண்டுவுக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். மனாஸ்லு வட்டாரம் திபெத் எல்லையை ஒட்டி இருப்பதால் கட்டுப்பாடுள்ள பகுதி, வெளிநாட்டுக்காரர்களை நடக்க விட்டதே 1991-இல்தான். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைக்கும் முதல் ஏழு நாளுக்கு 100 அமெரிக்க டாலர், மற்ற மாதங்களில் 75, கூடுதல் நாளுக்குக் கூடுதல் காசு. அது போக மனாஸ்லு, அன்னபூர்ணா என்று இரண்டு பாதுகாப்பு வட்டாரங்களுக்கும் தனித்தனிச் சீட்டு. வழிகாட்டி இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. நாங்கள் போனது அக்டோபரில், மழை விட்டு வானம் தெளிகிற சமயம். போதும்.

பயிற்சி பற்றிக் கொஞ்சம் சொல்லணும். எங்கள் ஊரில் உயரம் என்று ஒன்று கிடையாது, செம்பனையும் பால்மரமும்தான். ஈப்போவில் கிளேடாங் மலை 800 மீட்டர் சொச்சம். கோர்பு மலை 2,183 மீட்டர், தீபகற்பத்தில் தாஹான் மலைக்கு அடுத்த உயரம் அதுதான், அதில் ஏறி இறங்கினால் காலுக்கு நல்ல வேலை. ஆனால் காலுக்கு மட்டும்தான். 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான், அதற்கு இந்த நாட்டுத் தீபகற்பத்தில் எங்கேயும் பயிற்சி எடுக்க முடியாது. என்கூட வந்த அக்கா மகன் ஜிம்மே கதி என்று கிடக்கிறவன், இருபத்தெட்டு வயசு, அவனுக்கு என்ன ஆனது என்று அப்புறம் சொல்கிறேன். நான் விடியற்காலையில் பையில் அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்தேன். வெளிச்சம் வருவதற்குள் வேலைக்குப் போகிற பங்களாதேஷ் தம்பிகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

கிளம்புவதற்கு முன் அம்மா ஒரு சாளக்கிராமம் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். கண்டகி ஆற்றங்கரையில்தானே நடக்கிறாய், குனிந்து ஒன்று எடுத்தால் ஆச்சு என்றாள். அது காளி கண்டகிம்மா, மேற்கே முக்திநாத் பக்கம், நான் போவது புதி கண்டகி என்று சொல்லிப் பார்த்தேன். கண்டகி என்றால் கண்டகிதான் என்று முடித்துவிட்டாள். இந்தப் புதி கண்டகிதான் முதல் பாதிப் பயணம் முழுக்கக் கூடவே ஓடி வருகிறது. காட்மாண்டுவிலிருந்து ஜீப்பில் நாள் முழுக்கக் குலுங்கி மச்சா கோலா என்கிற இடத்தில் இறங்கினால் உயரம் வெறும் 900 மீட்டர்கூட இல்லை. வாழை மரம், நெல் வயல், வியர்வை. இமயமலைக்கு வந்தோமா தெலுக் இந்தானுக்கு வந்தோமா என்று அக்கா மகன் கேட்டான். பாதை ஆற்றுக்கு மேலே பாறையில் வெட்டிய விளிம்பு, தொங்கு பாலங்கள், அங்கங்கே சரிந்த மண். கோவேறு கழுதைகள் வரிசையாக அரிசியும் கேஸ் சிலிண்டரும் சுமந்துகொண்டு வரும், மணிச் சத்தம் கேட்டதுமே மலைப் பக்கம் ஒட்டி நின்றுவிட வேண்டும். ஆற்றுப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும், கழுதை திரும்பிக்கூடப் பார்க்காது.

சரி, தலைப்புக்கு வருகிறேன். முதல் நாள் இரவு சாப்பிட உட்கார்ந்தபோது நானும் அக்கா மகனும் தமிழும் மலாயும் கலந்து பேசிக்கொண்டிருந்தோம், நம் ஊர் வழக்கம்தானே. சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்த ஆள் சட்டென்று நின்று, "டாரி மலேசியா, பாங்?" என்றான், மலேசியாவிலிருந்தா அண்ணே என்று. ஜொகூரில் மேசை நாற்காலி செய்கிற ஒரு தளவாடத் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தவனாம். அதற்குள் எங்கள் வழிகாட்டி சிரித்துக்கொண்டே தானும் மலாயில் ஆரம்பித்துவிட்டான், அவன் கிள்ளானில் இருந்தவன். காட்மாண்டுவிலிருந்து நாள் முழுக்க ஜீப்பில் எங்களோடு ஆங்கிலத்தில் கஷ்டப்பட்டுக்கொண்டு வந்தவன், ஆள் என்ன நினைப்பார்களோ என்று சொல்லாமல் இருந்திருக்கிறான். அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கின் கீழ்ப் பாதி முழுக்க எங்களுக்கு ஆங்கிலமே தேவைப்படவில்லை. டீக்கடைக்காரன் ஈப்போ பற்றிக் கேட்கிறான். பாலத்துக்குக் கம்பி முறுக்குகிறவன் பினாங்கில் ஜாகா வேலை, அதாவது காவல்காரன் வேலை, பார்த்தவன். "பெலான்-பெலான், அபாங்", மெதுவா வாங்க அண்ணே என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டி ஓடுகிறான் இன்னொருவன்.

நம் ஊரில் தொழிற்சாலை வாசலில், அடுக்குமாடி வீட்டு வாசலில், சீருடை போட்டு நிற்கிற நேப்பாளி ஜாகாவை நாம் தினமும் பார்க்கிறோம். கேட்டைத் திறந்துவிட்டால் கையைத் தூக்கிவிட்டுப் போகிறோம். எனக்கு இத்தனை வருடத்தில் அவர்களில் ஒருவரின் ஊர்ப் பெயர்கூடத் தெரியாது. இங்கே வந்து பார்த்தால் ஊரில் கிழவர்கள், பெண்கள், பிள்ளைகள், அப்புறம் திரும்பி வந்தவர்கள். வயசுப் பையன்கள் நம்மிடம் இருக்கிறார்கள், இல்லாவிட்டால் கத்தாரில்.

எங்கள் மூட்டையைத் தூக்கிவந்த சுமைக்காரத் தம்பி அதிகம் பேசமாட்டான். அவன் சுமக்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டே நான் மணிக்கணக்கில் பின்னால் நடந்திருக்கிறேன். மூங்கில் கூடை முதுகில், அதைத் தாங்குகிற பட்டை நெற்றிக்கு மேல், உச்சந்தலைக்கு முன்னால். தோளில் கயிறே கிடையாது. கையில் டி எழுத்து மாதிரி தலைப்பு வைத்த ஒரு குட்டைக் கட்டை. மூச்சு வாங்கினால் கூடையை இறக்க மாட்டான், அந்தக் கட்டையைப் பின்னால் கூடைக்கு அடியில் முட்டுக் கொடுத்து நின்றபடியே கழுத்தை மட்டும் ஆட்டிக்கொள்வான். நெற்றியில் பட்டை பதிந்த இடத்தில் முடி தேய்ந்து தோல் பளபளவென்று இருக்கும். ஓர் ஆளுக்கு 30 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான கணக்கு, நாங்கள் அதற்குள்தான் வைத்திருந்தோம், ஆனால் கடைகளுக்குச் சரக்கு தூக்குகிறவர்கள் பிளைவுட் பலகையை அடுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் அந்தக் கணக்கெல்லாம் நம்மைப் போல ஊர் சுற்ற வருகிறவர்களின் சாமானுக்கு மட்டும்தான் போல. என் தாத்தா தோளில் காண்டாக் கம்பு வைத்து, அதில் இரண்டு பக்கமும் ரப்பர் பால் வாளி தொங்கவிட்டு நிறுவைக் கொட்டகைக்கு நடந்த ஆள். தோளில் காய்ப்பு காய்த்த அந்த இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தத் தம்பி ஒருநாள் தானாகவே சொன்னான். பேராக்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போவதற்கு ஊர் வட்டிக்காரரிடம் கடன் வாங்கி ஏஜண்டுக்குக் கட்டியிருக்கிறான், சொன்ன சம்பளம் வேறு, கையில் வந்தது வேறு, முதல் இரண்டு வருடச் சம்பளம் வட்டிக்கே போய்விட்டது. இந்தக் கதை அதிகமாகித்தான் 2018-இல் நேப்பாளம் மலேசியாவுக்கு ஆள் அனுப்புவதையே கொஞ்ச காலம் நிறுத்தியது. அந்த வருடம் அக்டோபரில் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன, பயணச் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இவன் போனது அதற்கு முன்னால். கேட்டுக்கொண்டே நடந்தபோது என் வீட்டுப் பழைய கதைதான் மண்டைக்குள் ஓடியது. தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி கொடுத்த முன்பணம், கப்பல் கூலி, அது தீர்வதற்குள் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளையும் பால் வெட்டப் போனது. இந்தியா 1938-இல் தடுத்த பிறகுதான் மலாயாவுக்குக் கங்காணி ஆள் கட்டுவது நின்றது. நாம் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

ஜகத் என்ற ஊரில் பர்மிட்டைக் காட்டிவிட்டு மேலே ஏறினால் பிலிம். குருங் மக்களின் ஊர், மேலே கேழ்வரகுத் தட்டை வயல்கள். இந்த வட்டாரம் முழுக்க கோர்க்கா மாவட்டம், கூர்க்கா சிப்பாய் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பெயரே இங்கிருந்து போனதுதான். 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி வந்த 7.8 அளவு நிலநடுக்கத்தின் மையம் இதே மாவட்டத்துப் பர்பாக் கிராமம். பழைய கல் வீடுகள் சரிந்து, இப்போது நீலத் தகரக் கூரைகள். தங்கின வீட்டில் ஒரு பெரியவர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். நாங்கள் மலேசியா என்று வழிகாட்டி சொன்னதும் "மலாயா, மலாயா" என்று தலையாட்டினார். அவர் அப்பா கூர்க்கா பட்டாளத்தில் மலாயாவில் இருந்தவராம். சுங்கை பட்டாணி என்றார். கூர்க்காக்களின் பெரிய முகாம் அங்கேதான் இருந்தது. நான் சுங்கை சிப்புட் என்றேன். அவருக்குத் தெரியவில்லை, சுங்கை பட்டாணிதான் என்று மறுபடியும் சொன்னார்.

எனக்கு எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி எங்கள் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள், அதிலிருந்துதான் அவசரகாலம் ஆரம்பித்தது, பன்னிரண்டு வருடம் நீண்டது, கூர்க்காக்கள் வந்து எங்கள் காட்டுக்குள் அலைந்ததும் அதனால்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டதையும், வேலைக்குப் போகும்போது கம்யூனிஸ்டுக்குச் சோறு கொண்டுபோகிறோமா என்று கேட்டில் நிறுத்திச் சோதித்ததையும் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவையும் மலாயில் சொல்லி, அதை வழிகாட்டி நேப்பாளியில் சொல்லி, பெரியவர் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: அங்கே இப்போதும் அட்டைக்கடி இருக்கா? இருக்கிறது என்றேன். சிரித்தார்.

அந்த வீட்டு அம்மாதான் ஒரு கம்பளித் தொப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கையில் கொடுத்தவர். மகன் ஈப்போ பக்கம் ஜாகா வேலையில் இருக்கிறானாம், நம்பர் எழுதிய துண்டுக் காகிதம் உள்ளே. ஈப்போவில் கம்பளித் தொப்பியா என்று அக்கா மகன் வாயைத் திறப்பதற்குள் காலை மிதித்தேன்.

தெங் தாண்டி நம்ருங் பக்கம் ஏறும்போது எல்லாமே மாறிவிடுகிறது. பைன் மரம், பார்லி வயல், கல்லில் மந்திரம் செதுக்கி அடுக்கிய நீளமான சுவர்கள், அதை வலது கைப் பக்கம் விட்டுத்தான் நடக்க வேண்டும், கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரியேதான் என்பதால் நமக்குப் பழக்கம் தேவையில்லை. நூப்ரி மக்கள், திபெத்தியப் பேச்சு, புத்த மடம். எங்கள் மலாய் இதோடு செல்லாது. லோ என்கிற ஊரில் காலையில் கதவைத் திறந்தால் மடத்துக்கு மேலே மனாஸ்லுவின் இரட்டைக் கொம்பு நேராக நிற்கிறது. அடுத்து 3,500 மீட்டரில் சாமாகாவ், மலையின் மடியிலேயே இருக்கிற ஊர். 1953-இல் ஜப்பானியர்கள் இந்த மலையில் ஏறப் பார்த்து முடியாமல் திரும்பிய பிறகு பனிச்சரிவு வந்து ஊர் மடத்தை அழித்தது. சாமி கோபம் என்று ஊர்க்காரர்கள் அடுத்த வருடம் வந்த ஜப்பானியக் குழுவை மலைப் பக்கமே விடவில்லை. 1956 மே 9-ஆம் தேதிதான் தோஷியோ இமானிஷியும் கியால்சென் நோர்புவும் உச்சிக்குப் போனார்கள். எனக்கு ஊர்க்காரர்கள் செய்தது நியாயமாகத்தான் படுகிறது.

சாப்பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். தால் பாத், காலையும் ராத்திரியும். சோறு, பருப்பு, ஒரு கீரை, உருளைக்கிழங்கு, போதும் என்கிற வரைக்கும் போடுவார்கள். 'தால் பாத் பவர், 24 ஹவர்' என்று சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள், உண்மைதான். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் சாதாரணச் சட்டியில் அரிசி வேகாது, அதனால் எவ்வளவு ஒதுக்குப்புறமான வீட்டிலும் பிரஷர் குக்கர் இருக்கிறது. கும்மிருட்டில், எலும்பு குத்துகிற குளிரில், எங்கேயோ ஒரு விசில் சத்தம் கேட்டால் எனக்கு வீட்டு ஞாபகம் வந்து தொலைக்கும். நான் கொண்டுபோன நெத்திலி சம்பல் போத்தலை வழிகாட்டியும் சுமைக்காரத் தம்பியும் பார்த்த பார்வையைச் சொல்லவே வேண்டாம். நம்ருங் வருவதற்குள் காலி.

அக்கா மகன் கதை சாமாகாவில். மத்தியானம் நன்றாகத்தான் இருந்தான், ஏரி வரைக்கும் ஓடியே போய்விட்டு வந்தான். ராத்திரி தலைவலி, சாப்பாடு வேண்டாம், வாந்தி. உயர நோய்க்கு ஜிம் உடம்பு, வயசு எதுவும் கணக்கில்லை, வேகமாக ஏறுகிறவனைத்தான் முதலில் பிடிக்கும். 3,000 மீட்டருக்கு மேலே போனால் தூங்குகிற இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு ராத்திரி தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்கிற கணக்கு. அறிகுறி இருக்கும்போது மேலே ஏறவே கூடாது, நடை தள்ளாடினாலோ சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரி என்று பார்க்காமல் இறக்கிவிட வேண்டும், உயிர் போகிற விஷயம். வழிகாட்டி அவனைக் கோடு போட்டு அதன் மேல் நடக்கவிட்டுப் பார்த்தான். நடந்தான். சரி, நாளைக்கு இங்கேயே என்று முடிவு. அடுத்த நாள் முழுக்கப் போர்வைக்குள் கிடந்தவன், சாயங்காலம் பூண்டு சூப் கேட்டான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது, அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தேன். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கேட்பவர்களுக்கு: கிளம்புவதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும், ராத்திரியில் நாலு தடவை வெளியே போக வைக்கும், அந்தக் குளிரில் அது ஒரு தனித் தண்டனை.

கணவாய் நாளைப் பற்றித்தான் எல்லாரும் நீளமாக எழுதுகிறார்கள். எனக்கு அவ்வளவு இல்லை. தர்மசாலா என்கிற இடம் 4,460 மீட்டர், கல் கொட்டகை, கூடாரம், தூக்கமே வராது, கண் அசந்தால் மூச்சு நின்று நின்று வரும். காற்று கிளம்புவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று விடிகாலை நாலு மணிக்கு நெற்றி விளக்கோடு கிளப்பிவிட்டார்கள். பத்து அடி, நில். பத்து அடி, நில். விடிந்தது. கொடித் தோரணம், அன்னபூர்ணா பக்கத்து மலைகள், ஒரு படம், கை மரத்துவிட்டது, இறங்கு. இறக்கம்தான் ஆளைக் கொல்கிறது, சரளைக் கல்லும் உறைபனியுமாக பிம்தாங் வரைக்கும் ஒரே நாளில் 1,500 மீட்டர். ஏறும்போது என் பின்னால் வந்த அக்கா மகன் இறங்கும்போது எனக்குக் கை கொடுத்துக்கொண்டு வந்தான். மாமாவைத் தூக்கிட்டு வந்தேன் என்று இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எல்லாரும் கீழ்ப் பள்ளத்தாக்கை வெயில், கழுதைச் சாணி, தூசு என்று வேகமாகக் கடந்து மேலே பனிக்கு ஓடுகிறார்கள். நாம் மலேசியாக்காரர்கள், நமக்குக் கீழேதான் ஆள் இருக்கிறது. இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்.

வீடு வந்து சேர்ந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொப்பியை எடுத்துக்கொண்டு ஈப்போ போனேன். தொழிற்சாலை வாசல், வெயில் மண்டையைப் பிளக்கிறது. சின்னப் பையன், முப்பதுகூட இருக்காது. பையைப் பிரித்துப் பார்த்தவன் அங்கேயே மாட்டிக்கொண்டு அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினான். இரவு வேலையில் காவல் அறை ஏர்கோனைக் குறைக்க விடமாட்டார்களாம், தொப்பி ரொம்ப உதவும் என்றான். மலை எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. ஜகத்துக்கு மேலே ரோடு எதுவரைக்கும் வந்திருக்கு, அப்பா நடக்கிறாரா, வீட்டுத் தகரத்தை மாற்றிவிட்டார்களா, இதுதான் கேள்வி. சொல்லத் தெரிந்ததைச் சொன்னேன். அம்மா பதில் அனுப்பியிருந்தார், ஏன் இளைச்சுப் போயிட்டே என்று கேட்டிருக்கிறார், அதை எனக்கு மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தான். அப்புறம், லீவு கிடைத்து வீட்டுக்குப் போகும்போது நீங்களும் வாருங்கள் அபாங், இந்தத் தடவை எங்கள் ஊருக்கு மேலே ட்சும் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பலாம், அங்கே ஒரு உயிரைக்கூடக் கொல்ல மாட்டார்கள், கோழிகூட அறுக்க மாட்டார்கள் என்றான். வீட்டுக்கு வந்து அக்கா மகனிடம் சொன்னேன். "சம்பலை இந்த வாட்டி ரெண்டு போத்தலா எடுத்துக்கலாம் மாமா" என்றான்.